சேர்ந்து படிக்க ஆரம்பிச்சதுல இருந்து பழைய மாதிரி கிளாஸ் எடுக்க வரமாட்டேங்குது, உங்களுக்கும் இப்படி ஆச்சா?

சாக்பீஸ்தூசி:

வணக்கம். நான் ஒரு எய்டட் காலேஜ்ல காமர்ஸ் எடுக்கறேன், 11 வருஷம் ஆச்சு. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

போன ஜூன்ல எங்க ஸ்டாஃப் ஆறு பேர் சேர்ந்து வாரம் ஒரு நாள் உக்காந்து ஒரே புக்கை படிக்கலாம்னு ஆரம்பிச்சோம். இங்கிலீஷ் மேடம், ஜுவாலஜி சார், ஃபிசிக்ஸ்ல புதுசா சேந்த ஒரு தம்பி, மேத்ஸ் மேடம், லைப்ரரியன் சார், நான். வியாழக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு லைப்ரரிக்கு பின்னாடி பழைய நியூஸ்பேப்பர் அடுக்கி வெச்சிருக்கற ரூம்ல. முதல் புக்கு பாவ்லோ ஃப்ரெய்ரே எழுதின 'பெடகாஜி ஆஃப் தி அப்ரெஸ்ட்', ஒடுக்கப்பட்டவங்களுக்கான கல்வி பத்தினது. இங்கிலீஷ் மேடம்தான் சொன்னாங்க. பிரேசில்ல 1963ல அங்கிகோஸ்னு ஒரு ஊர்ல கூலி வேலை பாக்கறவங்க 300 பேருக்கு சுமார் 40 மணி நேரத்துல எழுதப் படிக்க சொல்லிக் குடுத்தவரு, அடுத்த வருஷம் ராணுவ ஆட்சி வந்ததும் ஜெயில்ல போட்டு நாட்டை விட்டே போக வெச்சுட்டாங்க, அப்பறம் சிலில இருந்தப்ப எழுதின புக்கு இதுன்னு கதை மாதிரி சொன்னதும் எல்லாருக்கும் ஆசை வந்துடுச்சு. ஆனா படிக்க ஆரம்பிச்சா ஒரு பாராவும் உள்ள போகல. வீட்ல தனியா படிச்சுட்டு வாங்கன்னா எல்லாரும் பத்து பக்கம் படிச்சுட்டோம்னு தலையாட்டறோம், பேசச் சொன்னா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறோம்.

மூணாவது வாரம் ஜுவாலஜி சார், ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் இருக்கு அவருக்கு, புக்கை மூடி வெச்சுட்டு "எனக்கு இது சுத்தமா புரியலைங்க, யாராவது ஒரு பாராவை சத்தமா படிங்க, தமிழ்ல சொல்லிப் பாப்போம்"னார். 11 வருஷத்துல காலேஜ்குள்ள ஒரு ஸ்டாஃப் வாயில இருந்து "எனக்குப் புரியல"ன்னு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்னைக்கு ஒரே ஒரு பாரா, ஒரு மணி நேரம். ஆசிரியர் டெபாசிட் பண்றாரு, மாணவன் வாங்கி வெச்சுக்கறான், பரீட்சைல திருப்பிக் குடுக்கறான், பேங்க் மாதிரின்னு சொல்றாரே அந்த எடம். (பேங்கிங் பேப்பரே எடுக்கற என்னைப் போய் இதைப் படிக்க வெச்சுட்டாங்க, அது தனி காமெடி.) அதுக்கப்பறம் அப்படியேதான் போகுது. வீட்டுப் பாடம் கிடையாது, வந்து உக்காந்து சத்தமா படிக்கறது, நிறுத்தறது, சண்டை போடறது.

இப்ப பிரச்சனைக்கு வரேன். முன்னாடி நான் கிளாசுக்குப் போனா போர்டுல ஃபார்முலா, ரெண்டு சம், நோட்ஸ் டிக்டேட் பண்றது, பெல். ஒரு குறையும் இல்ல, ரிசல்ட் நல்லா வரும். இப்ப டிக்டேட் பண்ண வாயைத் தொறந்தா எனக்கே கூச்சமா இருக்கு. ஆகஸ்ட்ல டைம் வேல்யூ ஆஃப் மணி (இன்னைக்கு கைல இருக்கற ரூபாய்க்கும் பின்னாடி வர்ற ரூபாய்க்கும் மதிப்பு வேறங்கற பாடம்) நடத்தறப்ப போர்டுல எழுதறதுக்கு முன்னாடி சும்மா கேட்டேன், உங்க வீட்ல யாராவது தண்டல் வாங்கிருக்காங்களான்னு. கடைசி பெஞ்ச்ல ஒரு பையன், அவங்க அம்மா பஸ் ஸ்டாண்ட்ல பூ விக்கறாங்க, எழுந்து சொல்றான்: 10,000னு பேரு, கைல 9,000 தான் தருவாங்க மேடம், தினம் நூறு ரூவா கட்டணும், நூறு நாளு. சரி இதுக்கு வட்டி எவ்வளவுன்னேன். பாதி கிளாஸ் பத்து பர்சென்ட்னாங்க. அவன் மட்டும் "இல்ல மேடம், முழுப் பணமும் நூறு நாளைக்கு எங்க கைல இருக்கறதில்லையே, அன்னன்னைக்கு திருப்பிக் குடுத்துட்டே வர்றோமே"ங்கறான். அந்தப் பையன் இன்டெர்னல்ல 7 மார்க் வாங்கினவன். அப்பறம் எல்லாரும் சேந்து போட்டுப் பாத்தோம், வருஷக் கணக்குல 75 பர்சென்ட்டுக்கு மேல போகுது. அன்னைக்கு பெல் அடிச்சும் யாரும் எந்திரிக்கல.

சந்தோஷமான கதைன்னு நினைக்காதீங்க. அந்த யூனிட்டுக்கு 6 அவர் போட்டிருந்தேன், 11 அவர் ஆச்சு. முன் பெஞ்ச் பொண்ணுங்க மூணு பேர் ஹெச்ஓடி (துறைத் தலைவர்) கிட்ட போய் "மேடம் கதை பேசறாங்க, நோட்ஸ் தர்றதில்ல"ன்னு சொல்லிட்டாங்க. இன்டெர்னல் டெஸ்ட்ல மார்க்கும் ஒண்ணும் ஏறல, போன பேட்ச் மாதிரியேதான். கடைசி யூனிட்டை ரெண்டு சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் வெச்சு அடிச்சு தள்ளினேன், அந்த ரெண்டு நாளும் பழைய மாதிரி டிக்டேஷன்தான், எனக்கே அருவருப்பா இருந்துச்சு.

கேள்வி இதுதான். உங்க காலேஜ்ல இப்படி சேர்ந்து படிக்கறவங்க இருக்கீங்களா? படிச்சதுனால உங்க கிளாஸ் நிஜமா மாறுச்சா, இல்ல மனசு மட்டும் குழம்புச்சா? சிலபஸையும் இதையும் எப்படி ஓட்டறீங்க? அடுத்து என்ன படிக்கலாம்?

நெம்புகோல்:

மேடம், நான் ஃபிசிக்ஸ், வேற ஊர். எங்களுக்கும் இது ஓடுது, நாலு வருஷமா, நடுவுல ரெண்டு தடவை செத்துப் போய் திரும்பி வந்துச்சு.

முதல் தடவை செத்ததுக்குக் காரணம் பிபிடி. ஆளுக்கு ஒரு சேப்டர் பிரிச்சுக் குடுத்து சம்மரி ஸ்லைடு போட்டு பிரசன்ட் பண்ணுங்கன்னு வெச்சோம். அப்படி வெச்சா அந்த வாரம் பேசறவர் மட்டும்தான் படிப்பாரு, மத்தவங்க செமினார்ல உக்காந்த பையன் மாதிரி மொபைல் பாப்பாங்க. ரெண்டாவது தடவை ஹெச்ஓடி வந்து உக்காந்தாரு, தங்கமான மனுஷன், ஆனா அவர் இருக்கற எடத்துல யாரு "எனக்குப் புரியல"ன்னு சொல்லுவா? உங்க ஜுவாலஜி சார் மாதிரி ஒரு ஆள் அமையறது பெரிய விஷயம், அவரை விட்டுடாதீங்க.

நாங்க உருப்பட்டது எரிக் மஸூரைப் படிச்சப்பதான். அவர் கதை உங்க கேள்விக்கு நேரா பொருந்தும், அதனால சொல்றேன். ஹார்வர்டுல 1984ல இருந்து ஃபிசிக்ஸ் எடுக்கறாரு, பசங்க அவருக்கு செம ரேட்டிங் குடுக்கறாங்க, பரீட்சைல கஷ்டமான சம் எல்லாம் போடறாங்க. 1990 வாக்குல அரிசோனால இருக்கற ஹெஸ்டெனஸ்னு இன்னொரு ஃபிசிக்ஸ் வாத்தியாரோட கட்டுரை அவர் கண்ணுல படுது. ஒரு செமஸ்டர் மெக்கானிக்ஸ் படிச்ச பசங்களும் நியூட்டன் விதியை உள்ளுக்குள்ள நம்பறதே இல்லன்னு அதுல எழுதியிருக்காரு. இவருக்கு நம்பிக்கை இல்ல, நம்ம பசங்க அப்படி இருக்க மாட்டாங்கன்னு அதே டெஸ்ட்டை தன் கிளாஸ்ல வெக்கறாரு. ஒரு பொண்ணு கையைத் தூக்கி, இதுக்கு நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி எழுதணுமா இல்ல நான் நிஜமா நினைக்கற மாதிரி எழுதணுமான்னு கேட்டுச்சாம். இதை எங்க குரூப்ல சத்தமா படிச்சப்ப ரூமே கம்முனு ஆயிடுச்சு. எல்லாரும் அவங்கவங்க கிளாஸை நினைச்சுப் பாத்திருப்பாங்க.

நான் அடுத்த நாளே என் செகண்ட் இயர் கிட்ட அந்த லாரி கேள்வியைக் கேட்டேன். பெரிய லாரியும் சின்ன காரும் மோதுது, யார் மேல யார் போடற விசை அதிகம்? ரெண்டு பக்கமும் விசை சமம்னு சொல்ற நியூட்டனோட மூணாம் விதியை மனப்பாடமா ஒப்பிக்கற பசங்க, 40 பேர்ல முக்கால்வாசி பேர் லாரின்னு கை தூக்கினாங்க. வயித்தெரிச்சலா இருந்துச்சு. சரின்னு ஸ்டாஃப் ரூம்லயும் கேட்டேன், அங்க என்ன பதில் வந்துச்சுன்னு சொல்ல மாட்டேன், நாளைக்கு நான் அங்கதான் சாப்பிடணும்.

மஸூர் அப்பறம் பண்ணது தெரிஞ்சிருக்கும். விளக்கி விளக்கிப் பாத்தும் புரியலன்னதும் பக்கத்துல இருக்கறவன் கிட்ட பேசிப் பாருங்கன்னு விட்டுட்டாரு, ரெண்டு மூணு நிமிஷத்துல கிளாஸே தெளிஞ்சிடுச்சு. நேத்து புரிஞ்சவனுக்கு எங்க இடிக்கும்னு ஞாபகம் இருக்கும், முப்பது வருஷம் முன்னாடி புரிஞ்ச நமக்கு அது மறந்தே போச்சு. நான் இப்ப ஒரு அவர்ல ரெண்டு கேள்வி கேப்பேன், அவ்வளவுதான். கார்டு அட்டைல நாலு கலர் ஒட்டிக் குடுத்திருக்கேன், தூக்கிக் காட்டணும், அப்பறம் பக்கத்துல பேசணும், மறுபடி தூக்கணும். மத்த 40 நிமிஷம் பழைய மாதிரி போர்டும் நானும்தான். நீங்க ஒரு யூனிட்டையே தலைகீழா மாத்தியிருக்கீங்க, அதான் 11 அவர் ஆச்சு. முழு வீட்டையும் இடிக்க வேணாம் மேடம், முதல்ல ஒரு ஜன்னலைத் தொறங்க.

மார்க் ஏறலன்னு சொன்னீங்க. ஒரு கிளாஸ், ஒரு டெஸ்ட்டை வெச்சு தெரியாது. 2014ல ஃப்ரீமேன்னு ஒரு அமெரிக்க ஆய்வாளரும் அவர் கூட இருந்தவங்களும் 225 ஆய்வை ஒண்ணாப் போட்டுப் பாத்தாங்க, அறிவியல், இன்ஜினியரிங், கணக்கு கிளாஸ் மட்டும். லெக்சர் மட்டும் குடுத்த கிளாஸ்ல சராசரியா 33.8 பர்சென்ட் ஃபெயில், பசங்களையும் பேச, செய்ய வெச்ச கிளாஸ்ல 21.8. இதை ஹெச்ஓடி கிட்ட காட்டுங்க, ஃப்ரெய்ரேவைக் காட்டினா அரசியல்னுடுவாரு.

மூணாவது_பஸ்:

நான் கெஸ்ட் லெக்சரர். ரெண்டு பேர் எழுதினதையும் படிச்சேன், நல்லா இருக்கு, ஆனா ஒரு விஷயம் சொல்லணும், கோவிச்சுக்காதீங்க.

இந்த நாலு மணி ரூம் யாருக்கு? பர்மனென்ட் ஸ்டாஃபுக்கு. எனக்கு காலைல ஒரு எடத்துல கிளாஸ், மதியம் டியூட்டோரியல்ல, சாயங்காலம் 4.10 பஸ்ஸை விட்டா அடுத்தது 5.45. வருஷத்துல ஒரு மாசம் சம்பளமே கிடையாது. அடுத்த வருஷம் இதே காலேஜ்ல இருப்பேனான்னு எனக்கே தெரியாது, இதுல என் கற்பித்தல் தத்துவம் எப்படி மாறுச்சுன்னு கேட்டா என்ன சொல்ல. பசங்க ஹெச்ஓடி கிட்ட போய் கதை பேசறாங்கன்னு சொன்னா உங்களைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. என்னை விசாரிக்க மாட்டாங்க, அடுத்த செமஸ்டர்ல என் பேர் இருக்காது, அவ்வளவுதான். நோட்ஸ் டிக்டேட் பண்றது எனக்கு இன்சூரன்ஸ் மாதிரி.

இன்னொண்ணு. நான் முன்னாடி இருந்த ஒரு எடத்துல இதே மாதிரி நல்லா ஒரு வாசிப்பு வட்டம் ஆரம்பிச்சாங்க, நானும் போனேன், நாலு வாரம் சந்தோஷமா இருந்துச்சு. அஞ்சாவது வாரம் காலேஜோட தரத்தைப் பாக்கற ஐக்யூஏசில இருந்து வந்து, இதை டாக்குமெண்ட் பண்ணணும், சர்குலர் போடணும், அட்டெண்டன்ஸ் வேணும், ஜியோடேக் போட்டோ வேணும், அவுட்கம் எழுதிக் குடுங்கன்னுட்டாங்க. 2010ல யுஜிசி, ஆசிரியர் பண்ற வேலைக்கெல்லாம் பாயிண்ட் போடற ஏபிஐ ஸ்கோரைக் கொண்டு வந்ததுல இருந்தே நம்ம ஊர்ல தும்மினாலும் பாயிண்ட் வேணும்னு ஆயிடுச்சு. அதுக்கப்பறம் பேனர் வந்துச்சு, மாலை வந்துச்சு, சீஃப் கெஸ்ட் வந்தாரு, புக்கைக் காணோம்.

நெம்புகோல்:

சார், பேனர் மேட்டர் நூத்துக்கு நூறு. நாங்க அதுக்குன்னே எங்க குரூப்புக்குப் பேரே வெக்கல. பேர் இருந்தாத்தானே பேனர். மத்ததுக்கு என் கிட்ட பதில் இல்ல சார், நிஜமா.

காற்கூறு:

நான் தமிழ்த்துறை, 26 வருஷ சர்வீஸ். சாக்பீஸ்தூசி, உன்னை விட ரொம்ப மூத்தவ, அதனால நீ வா போன்னே எழுதறேன்மா. மூணாவது பஸ் தம்பி சொன்னதுக்கும் கடைசில வரேன்.

எங்க குரூப்ல என்னைச் சேத்தது ஒரு கெமிஸ்ட்ரி பொண்ணு. தமிழ்க்காரங்க பழசு, நோட்ஸ் வாசிக்கறவங்க, இவங்களுக்கு எதுக்குடா கல்விக் கோட்பாடுன்னு சில பேருக்கு உள்ளுக்குள்ள இருந்துச்சுன்னு எனக்கும் தெரியும். நானும் சும்மா ஓரமா உக்காந்திருப்பேன். மேல ஒரு சார் எழுதின மஸூர் கட்டுரையைத்தான் அன்னைக்குப் படிச்சோம். பசங்க பக்கத்துப் பையன் கிட்ட பேசறப்பதான் கத்துக்கறாங்கன்னு வர்ற எடத்துல அந்த கெமிஸ்ட்ரி பொண்ணு என்னைப் பாத்து "அம்மா, இந்த மாதிரி நம்ம பழைய நூல் எதுலயாவது இருக்கா, இல்ல குரு சொல்றதைக் கேட்டுட்டு சும்மா இருன்னு மட்டும்தான் இருக்கா"ன்னு கேட்டுச்சு. கிண்டலா இல்ல, நிஜமாத்தான் கேட்டுச்சு.

நன்னூல் பொதுப்பாயிரம் எனக்கு தலைகீழ்ப் பாடம். மாணாக்கன் பாடம் கேக்கற முறைன்னு வரும், வருஷா வருஷம் அஞ்சு மார்க் கேள்வி. ஆசான் சொன்னதை ஒழுங்கா முழுசா உள்வாங்கிக்கிட்டாலும் அவனுக்குக் கிடைக்கறது "காற்கூறு"தான், கால் பங்கு. கூடப் படிக்கறவங்களோட பழகிப் பேசறதுல இன்னொரு கால். மிச்சம் இருக்கற அரை, அவன் அடுத்தவனுக்கு எடுத்துச் சொல்றப்பதான் வரும். இதை நான் 20 வருஷத்துக்கு மேல டிக்டேட் பண்ணிருக்கேன். டிக்டேட் பண்ணிருக்கேன்மா, கேளு! ஆசிரியர் கிட்ட இருந்து கால் பங்குதான் வரும்னு பவணந்தி முனிவர் சொன்னதை நான் மேடைல நின்னு, பசங்க வாயை மூடிக்கிட்டு எழுத, நூத்துக்கு நூறும் என் கிட்ட இருந்தே வர்ற மாதிரி சொல்லிக் குடுத்திருக்கேன். கெமிஸ்ட்ரி பொண்ணுக்கு சூத்திரத்தைச் சொல்லிட்டு, பொருள் சொல்ல வாயெடுத்தவ அப்படியே நின்னுட்டேன். அழுகையா சிரிப்பான்னு தெரியல. எட்டு நூற்றாண்டுப் பழசு, என் கைலயே இருந்துச்சு, ஆனா அதை எனக்குக் காட்ட ஒரு கெமிஸ்ட்ரிக்காரி கேள்வி கேக்க வேண்டியிருந்துச்சு. தனியா நூறு தடவை படிச்சிருந்தாலும் எனக்குத் தட்டியிருக்காது, ஏன்னா எனக்கு அது தெரிஞ்ச பாடம்.

சேர்ந்து படிக்கறதுல எனக்குக் கிடைச்சது இதுதான். புது முறை எதையும் நான் கத்துக்கல. கலர் அட்டை எல்லாம் என் கைக்கு வராது. ஆனா இப்ப நன்னூல் எடுக்கறப்ப முதல் நாள் சூத்திரத்தை மட்டும் குடுத்துட்டு ரெண்டு ரெண்டு பேரா உக்காந்து பொருள் சொல்லிப் பாருங்கடான்னு விட்டுடறேன், தப்புத் தப்பா சொல்லுவாங்க, சிரிப்பா வரும், அடுத்த நாள் நான் சொல்றப்ப காதைத் தீட்டி வெச்சுட்டு கேக்கறாங்க. அடுத்து, போன வாரம் படிச்ச பையன் இந்த வாரம் வராதவனுக்கு சொல்லணும். இதுல போர்ஷன் எனக்கு ஒண்ணும் லேட் ஆகல, ஏன்னா டிக்டேஷனை நிறுத்திட்டேன், ஜெராக்ஸ் போட்டுக் குடுத்துட்டேன். நீயும் அதைப் பண்ணு. நோட்ஸ் வேணும்னு கேக்கற பொண்ணுங்க மேல கோவப்படாதே, அதுங்களுக்கு ஸ்காலர்ஷிப் இருக்கும், பயம் இருக்கும். நோட்ஸைக் குடுத்துடு, ஆனா கிளாஸ் நேரத்தை அதுக்குக் குடுக்காதே.

ஒரு சண்டையும் நடந்துச்சு, அதையும் சொல்லணும். அதே பாயிரத்துல மாணாக்கரை தலை, இடை, கடைன்னு பிரிச்சிருக்கு. அன்னமும் பசுவும் தலை, மண்ணும் கிளியும் இடை, ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய் வடிகட்டற நெய்யரி எல்லாம் கடை. கெமிஸ்ட்ரி பொண்ணு இதைக் கேட்டதும் கொதிச்சுப் போச்சு. அப்ப பாத்து நாங்க பார்பியானா பசங்க எழுதின கடிதத்தைப் படிச்சிட்டு இருந்தோம், "எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க"ன்னு தமிழ்ல வந்திருக்கு. இத்தாலில ஃபிளாரன்ஸ் பக்கம் மலைக் கிராமம், லொரென்சோ மிலானின்னு ஒரு பாதிரியார் நடத்தின பள்ளிக்கூடம், வேற ஸ்கூல்ல ஃபெயிலாகித் துரத்தப்பட்ட குடியானவப் பசங்க. எட்டுப் பேர் சேந்து எழுதி 1967ல வந்துச்சு, அதே வருஷம் அந்தப் பாதிரியாரும் போய்ச் சேந்துட்டாரு. நோயாளியைத் துரத்திட்டு நல்லா இருக்கறவனுக்கு வைத்தியம் பாக்கற ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு உங்க பள்ளிக்கூடம்னு கேக்கறாங்க அதுல. "உங்க நன்னூல் அந்த ஆஸ்பத்திரி மாதிரிதானே அம்மா, எருமைன்னு சீட்டு ஒட்டி வெளிய அனுப்புது"ன்னு கேட்டுச்சு. நான் விடல. அதே நூல் ஆசிரியரா இருக்கத் தகுதி இல்லாதவங்களையும் நாலு வகையா பிரிச்சிருக்கு, கழற்பெய்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு, அதையும் கேளுன்னேன். பருத்திக் குண்டிகைன்னா வாய் குறுகின குடுக்கைல பஞ்சை அடைச்ச மாதிரி, உள்ள போறதும் கொஞ்சம் கொஞ்சமாத்தான், வெளிய வர்றதும் கொஞ்சம் கொஞ்சமாத்தான். "அது எங்க டிபார்ட்மெண்ட்ல இருக்காரு"ன்னு மூணு பேர் ஒரே நேரத்துல சொன்னாங்க. ஆனா வீட்டுக்குப் போனப்பறம் யோசிச்சேன், அந்தப் பொண்ணு கேட்டதுல நியாயம் இருக்கு. கடைன்னு யாரைச் சொல்லலாம்னு நான் ஒரு தடவைகூட கிளாஸ்ல கேட்டதில்ல. இப்ப கேக்கறேன். போன வருஷம் ஒரு பையன் "ஓட்டைக் குடத்துல தண்ணி நிக்கலன்னா குடத்து மேல தப்பா, ஓட்டை போட்டவன் மேல தப்பா"ன்னான். பவணந்திகிட்டதான் போய் கேக்கணும்.

மூணாவது பஸ் தம்பி, நீ சொன்னது குத்துச்சு. எங்க குரூப்லயும் கெஸ்ட் ஃபேகல்டி ஒருத்தர் கூட இல்ல. ஃப்ரெய்ரே படிச்சோம், பார்பியானா படிச்சோம், இது யாருக்கும் உறைக்கல.

தெர்மாமீட்டர்:

நடுவுல வரேன், நான் மெடிக்கல் காலேஜ் ஆளு. நீங்க பேசறதை எங்க பக்கம் ஜர்னல் கிளப்னு சொல்லுவோம். கனடால மான்ட்ரியல்ல வில்லியம் ஆஸ்லர் 1875ல மெக்கில்ல ஆரம்பிச்சாருன்னு சொல்லுவாங்க, காரணம் ரொம்ப சாதாரணமானது, ஜர்னல் எல்லாம் விலை ஜாஸ்தி, தனித்தனியா வாங்க முடியல, சேந்து வாங்கி சேந்து படிச்சாங்க. இப்ப பிஜிக்கு அது கட்டாயம். கட்டாயம்ங்கறதுனாலயே பாதி நாள் மேல ஒருத்தர் சொன்ன பிபிடி வியாதிதான், பேப்பரை வாசிச்சு முடிச்சுட்டு டீ.

ஒரு ப்ரொஃபசர் மட்டும் வித்தியாசமா பண்ணுவாங்க. கன்க்ளூஷனைக் கிழிச்சுட்டு ஜெராக்ஸ் குடுப்பாங்க. மெத்தட்ஸும் டேபிளும் மட்டும். முடிவை நீங்களே எழுதுங்கன்னுட்டு, அவங்களும் எங்களோட உக்காந்து எழுதுவாங்க. ஒரு தடவை அவங்க எழுதினது தப்பு, ஒரு ஃபர்ஸ்ட் இயர் பிஜி எழுதினது சரி, டேபிள்ல ஒரு வரியை அவங்க கவனிக்கல. "அட ஆமா"ன்னுட்டு அடிச்சு திருத்தினாங்க. நான் இப்ப யுஜி பசங்களுக்கு கேஸ் எடுக்கறப்ப டயக்னோசிஸை முதல்ல சொல்றதே இல்ல, நானும் அவங்களோட சேந்து தேடற மாதிரி எடுக்கறேன், அது அந்த ரூம்ல இருந்து வந்த பழக்கம். எந்தப் பெடகாஜி புக்கும் நான் படிச்சதில்ல. அதனால அடுத்து என்ன புக்குங்கற கேள்விக்கு என் பதில், கல்வி பத்தின புக்குதான் வேணும்னு இல்ல, உங்க ஆறு பேருக்கும் தெரியாத எதையாவது எடுங்க. ஒருத்தருக்குத் தெரிஞ்சா அவர் வாத்தியார் ஆயிடுவாரு.

சிலேட்டுப்பலகை:

நான் பி.எட் காலேஜ்ல இருக்கேன். சின்னதா ஒண்ணு மட்டும். பார்பியானா பசங்க எப்படி எழுதினாங்கங்கறதும் முக்கியம். ஆளுக்கு ஒரு நோட்டு, தோணறதை எல்லாம் குறிச்சு வெச்சுக்கறது, அப்பறம் ஒவ்வொரு யோசனையும் தனித்தனி துண்டுச் சீட்டுல, ஒரு நாள் எல்லாத்தையும் பெரிய மேஜைல பரப்பி, ஒண்ணா வர்றதைச் சேத்து, ரெண்டு தடவை வந்ததைத் தூக்கிப் போட்டு, அப்படித்தான் ஒரு ஒழுங்கு வந்துச்சு. நாங்க லாக்டவுன்ல ஜூம்ல படிச்சப்ப யாரும் வாயே தொறக்கல, அப்பறம் நேர்ல வந்ததும் இந்தத் துண்டுச் சீட்டைப் புடிச்சோம். படிச்சுட்டே இருக்கறப்ப ஆளுக்கு மூணு சீட்டு எழுதணும், பேர் போடக் கூடாது, மேஜைல போட்டுக் கலக்கிடணும். கூச்சப்படறவங்க, ஜூனியர், இங்கிலீஷ் வராதவங்க எல்லாரோட சீட்டும் ஒண்ணா கிடக்கும். எது பிரின்சிபால் எழுதினதுன்னு தெரியாததுனால தைரியமா "இது தப்பு"ன்னு சொல்லலாம். ஒரு தடவை சொல்லிட்டோம், நெஜமாவே பிரின்சிபால் சீட்டுதான், கையெழுத்தைப் பாத்து அப்பறம் தெரிஞ்சுது. ஒண்ணும் ஆகல.

சாக்பீஸ்தூசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டு வாரமா பதில் போட முடியல, மாடல் எக்ஸாம் பேப்பர் திருத்திட்டு இருந்தேன்.

காற்கூறு அம்மா, நோட்ஸை ஜெராக்ஸ் போட்டுக் குடுத்துட்டேன். முன் பெஞ்ச் பொண்ணுங்க ஹேப்பி. ஒரு பொண்ணு "மேடம் இனிமே கிளாஸ்ல என்ன பண்ணுவோம்"னு கவலையா கேட்டுச்சு, எனக்கும் அதே கவலைதான்னேன். நெம்புகோல் சார், ஒரு அவருக்கு ஒரு கேள்வின்னு ஆரம்பிச்சிருக்கேன், கலர் அட்டைக்கு பதிலா விரல் காட்டறாங்க, பின்னாடி இருக்கறவன் முன்னாடி இருக்கறவன் விரலைப் பாத்து மாத்தறான், கண்ணை மூடச் சொல்லிட்டேன். தண்டல் பையன் இப்ப மூணாவது பெஞ்சுக்கு வந்துட்டான், ஆனா அது ஃபேன் அங்க இருக்கறதுனாலயும் இருக்கலாம்.

மூணாவது பஸ் சார், உங்க பதிவைப் படிச்சுட்டு எங்க காலேஜ்ல எண்ணிப் பாத்தேன். அரசு சம்பளம் இல்லாத செல்ஃப் ஃபினான்ஸ் சைடுல எங்க டிபார்ட்மெண்ட்ல மட்டும் அஞ்சு பேர். ஒரு வருஷமா பக்கத்து ரூம்ல நாங்க ஒடுக்கப்பட்டவங்களுக்கான கல்வி பத்தி சத்தமா படிச்சிட்டு இருக்கோம், அவங்க பேக்கை மாட்டிக்கிட்டு அந்த ரூம் வாசல் வழியாத்தான் பஸ்ஸுக்கு ஓடியிருக்காங்க. வெக்கமா போச்சு. ஒரு மேடம் கிட்ட கேட்டேன், ஏன் வரலன்னு. "நீங்க கூப்பிடவே இல்லையே மேடம்"னாங்க. அப்பறம் "நாலு மணின்னா முடியாது"ன்னும் சொன்னாங்க. வியாழன் குரூப்ல பேசினோம், இங்கிலீஷ் மேடம் முதல்ல கொஞ்சம் முகத்தைச் சுளிச்சாங்க, சாப்பிடற நேரத்துல என்ன படிக்க முடியும்னு, ஜுவாலஜி சார்தான் சாப்டுக்கிட்டே கேளுங்க நான் வாசிக்கறேன்னுட்டாரு. இப்ப மதியம் 12.50க்கு மாத்திட்டோம், 40 நிமிஷம். ஒரு நாளைக்கு ஒண்ணரைப் பக்கம்தான் ஓடுது. முதல் நாள் எட்டுப் பேர் வந்தாங்க, அதுல ஒரு மேடம் ரெண்டாவது பாரால ஜுவாலஜி சாரை நிறுத்தி, இது எனக்கு வேற மாதிரி படுதுன்னாங்க. சாம்பார் வாளியைக் கைல வெச்சுக்கிட்டே.

மூணாவது_பஸ்:

சரி மேடம். 12.50னா எங்க காலேஜ்ல மூணாவது அவர் முடிஞ்சு லஞ்ச், ஆனா 30 நிமிஷம்தான். இங்க நான் கேட்டா நடக்குமான்னு தெரியல, கேட்டுப் பாக்கறேன், நானும் இன்னொரு கெஸ்ட் சாரும் மட்டும்னாலும் பரவாயில்ல. ஜெராக்ஸுக்கு எத்தனை பக்கம் ஆகும், எங்க இருந்து ஆரம்பிச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க.